தீயின் முன்னறிவிப்பு: தூத்துக்குடித் தொழிற்களங்களை முன்னிட்டு ஓர் ஆய்வு

தொழிற்களங்களில் நேரும் தீ விபத்துகளைப் பற்றி நம்மிடையே நடைபெறும் விவாதங்கள் பெரும்பாலும் தீ மூண்ட பிறகு செய்ய வேண்டியவற்றில் தொடங்கி, அவற்றிலேயே முடிந்துவிடுகின்றன. சிவப்புச் சாயம் பூசிய மணல் வாளிகள் இருந்தனவா, தீயணைப்பு வண்டி எத்தனை நிமிஷத்தில் வந்து சேர்ந்தது, இறந்தோர் குடும்பத்துக்கு நிவாரணம் எவ்வளவு என்னும் விசாரணைகள் அவசியமானவையே. ஆயினும் தீ மூளுவதற்கு முன்னிருந்த காலம், அதாவது ஒரு பொருள் சூடேறத் தொடங்கியது முதல் அது சுவாலை விட்டது வரையிலான மணிகளும் நாட்களும், சில சந்தர்ப்பங்களில் வருஷங்களும், யாருடைய பொறுப்பில் இருந்தன என்ற கேள்வி அபூர்வமாகவே எழுப்பப்படுகிறது. அந்தக் கேள்வியை ஆராய்வதற்குத் தூத்துக்குடியைக் காட்டிலும் தகுந்த இடம் தமிழ்நாட்டில் வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. தோணிகளில் பஞ்சுச் சிப்பங்களை ஏற்றியனுப்பிய பழைய துறைமுகமும், 1974-ல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டு இன்று வ.உ.சி.யின் பெயரைத் தாங்கி நிற்கும் புதிய துறைமுகமும், கப்பலில் வரும் நிலக்கரியை நம்பி 1979 முதல் இயங்கிவரும் அனல்மின் நிலையமும், உரத்தொழிற்சாலையும், சாகுபுரத்து ரசாயன ஆலையும், மீன் பதனிடும் நிலையங்களும், வடக்கே கோவில்பட்டிச் சீமையின் தீப்பெட்டித் தொழிலும் ஒரே ஜில்லாவுக்குள் அடங்கியிருக்கின்றன. இவற்றுள் ஒவ்வொன்றிலும் தீயின் சுபாவம் வேறு. அது முன்கூட்டித் தரும் அறிவிப்பும் வேறு. உப்பளம் ஒன்றுதான் இந்தக் கணக்கிலிருந்து விலக்குப் பெறும்; அங்கே வெயில் எரிப்பது மனிதனை மட்டுமே.

எரிபொருள், பிராணவாயு, உஷ்ணம் ஆகிய மூன்றும் கூடினால்தான் தீ உண்டாகும் என்பதும், அவற்றில் ஒன்றை விலக்கிவிட்டால் அது பிறவாது என்பதும் பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த பாடம். ஆனால் இந்தப் பாடம் தொழிற்களத்தின் வாயிலுக்குள் நுழைந்தவுடன் சிக்கலாகிவிடுகிறது. ஏனெனில் அங்கே எரிபொருள் என்பது சரக்கு, உஷ்ணம் என்பது இயந்திரம், பிராணவாயுவோ எல்லோரும் சுவாசிக்கும் காற்று. மூன்றையும் அருகருகே வைத்துக்கொண்டே பிழைப்பு நடத்தியாக வேண்டிய இடத்தில், எதை எதனருகே வைப்பது, எத்தனை காலம் வைப்பது, சூடேறிவிட்டது என்று முதலில் அறிபவன் சொல்லுக்கு என்ன மதிப்பு என்பனவே தீத்தடுப்பின் சாரம் என்பது என் அபிப்பிராயம்.

இந்தத் துறைமுகத்தின் பழைய சரக்காகிய பஞ்சிலிருந்து தொடங்குவோம். கரிசல் காட்டுப் பருத்தி மாட்டு வண்டிகளில் வந்து இறங்கி, அழுத்து இயந்திரங்களில் சிப்பமாகக் கட்டுண்டு கப்பலேறிய காலத்திலேயே, பஞ்சுத் தீ திருட்டுத்தனமானது என்பதைக் கிடங்குக்காரர்கள் அறிந்திருந்தனர். கட்டும்போது உள்ளே அகப்பட்ட ஒரு பொறி, சுவாலை விடாமல், புகையும் அதிகம் காட்டாமல், சிப்பத்தின் கருவில் நாட்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். வெளியே தண்ணீர் ஊற்றி அணைத்துவிட்டதாக நினைத்த பிறகும் மீண்டும் எழும். எண்ணெய் பட்ட பஞ்சோ வெளிப்பொறி எதுவும் இல்லாமலே தானாகச் சூடேறும் இயல்புடையது. நூற்பாலைகளில் பஞ்சு முதன்முதலாகப் பிரித்து அடிக்கப்படும் புளோ ரூமில், பஞ்சோடு கலந்துவரும் ஓர் இரும்புத் துண்டு, சுழலும் இயந்திரத்தின் பல்லில் பட்டுப் பொறி எழுப்பிவிட்டால் போதும். ஆகையினால்தான் அங்கே காந்தங்களைப் பொருத்தி இரும்பைப் பிடித்துவிடும் வழக்கம் ஏற்பட்டது. 1908 பிப்ரவரியில் இவ்வூர்க் கோரல் மில் தொழிலாளர்கள் நடத்திய வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளில் கூலி உயர்வோடு வார விடுமுறையும் இடம்பெற்றிருந்தது. அதைத் தீத்தடுப்புக் கோரிக்கை என்று அன்று யாரும் கூறவில்லை. ஆயினும் ஓய்வின்றிக் கண் சோர்ந்தவன் காந்தத்தைத் துடைக்க மறப்பான் என்பதை ஆலைத்தொழில் அறிந்தவர் மறுக்கமாட்டார்.

பஞ்சின் இந்தக் குணத்தை அலட்சியம் செய்ததன் விலையைப் பம்பாய் கொடுத்தது. 1944 ஏப்ரல் 12 அன்று அத்துறைமுகத்தை அடைந்த ஃபோர்ட் ஸ்டிக்கீன் என்னும் கப்பலில் சுமார் 1,400 டன் வெடிமருந்து இருந்தது. அதே கப்பலில் கராச்சியில் ஏற்றப்பட்ட 8,700 பஞ்சுச் சிப்பங்களும், மசகெண்ணெய்ப் பீப்பாய்களும், மரமும் இருந்தன. யுத்தகாலத்து அவசரம் என்னும் ஒரே காரணத்தைக் காட்டி, தனித்தனியே வந்தால்கூட அச்சம் தரக்கூடிய சரக்குகளை ஒரே கப்பலின் வயிற்றில் அடுக்கியிருந்தார்கள். வெடிமருந்து ஏற்றிய கப்பல் பறக்கவிட வேண்டிய சிவப்புக் கொடியும் பறக்கவில்லை. 14-ஆம் தேதி நண்பகலை அடுத்து அருகிலிருந்த சிலர் புகையைக் கண்டும், கப்பலில் உள்ளோர் அறிந்திருப்பார்கள் என்று எண்ணி வாளாவிருந்தனர். பிற்பகலில் தீயணைப்புப் படையினர் வந்து தண்ணீரைக் கொட்டியும் பஞ்சுக்குள் கனன்ற நெருப்பு அடங்கவில்லை. மாலை 4 மணி 6 நிமிஷத்துக்கு முதல் வெடிப்பும், அரைமணி கழித்து இரண்டாம் வெடிப்பும் நிகழ்ந்தன. எண்ணூறு பேருக்குக் குறையாமல் மாண்டனர். அவர்களில் 66 பேர் தீயணைப்பு வீரர்கள். அவர்கள் நினைவாகவே ஆண்டுதோறும் ஏப்ரல் 14 முதல் 20 வரை தீத்தொண்டு வாரம் நாடெங்கும் அனுஷ்டிக்கப்படுகிறது. அவர்களுடைய தைரியத்தை நாம் நினைவுகூர்கிறோம். சரக்கு அடுக்கியதில் நேர்ந்த தவறை அவ்வளவாக நினைவுகூர்வதில்லை.

பஞ்சின் இடத்தை இன்று நிலக்கரி பிடித்துக்கொண்டிருக்கிறது. ஹால்தியா, பாரதீப், விசாகப்பட்டினம் ஆகிய துறைகளிலிருந்து கப்பலில் வரும் கரி, தூத்துக்குடியில் இறக்கப்பட்டுக் கன்வேயர் பெல்ட் வழியாக அனல்மின் நிலையத்தின் களத்தைச் சென்றடைகிறது. கரி தானாகவே பற்றிக்கொள்ளும் என்று கேட்கும்போது தொழிலறியாதவர் வியப்படையக்கூடும். ஈரம் காயாமல் போட்ட வைக்கோற்போர் உள்ளே கொதித்துப் புகைவதைக் கண்ட எந்த விவசாயிக்கும் அதில் வியப்பில்லை. காற்றிலுள்ள பிராணவாயுவை நிலக்கரி மெல்ல உள்வாங்குகிறது. உள்வாங்கும்போது சூடு பிறக்கிறது. அந்தச் சூடு வெளியேற வழியில்லாத அளவுக்குக் குவியல் பெரிதாகவும், பிராணவாயு நுழைய வழியுள்ள அளவுக்குத் தளர்வாகவும் இருந்துவிட்டால், சூடு சூட்டைப் பெருக்கி இறுதியில் தீயாகிறது. உயரத்திலிருந்து கொட்டிய குவியலில் பெரிய கட்டிகள் உருண்டு அடிவாரத்தில் சேர்ந்துவிட, அவற்றின் இடைவெளிகள் காற்றுக்கு வாசலாகின்றன. மெல்லிய அடுக்குகளாகப் பரப்பி, ஒவ்வோர் அடுக்கையும் புல்டோசரால் அழுத்தி, உயரத்தைக் கட்டுப்படுத்தி, முதலில் வந்த கரியை முதலில் எடுத்துச் செலவழித்தால் இந்த அபாயம் பெரும்பாலும் நீங்கிவிடும். இதில் ரகசியம் ஒன்றுமில்லை. விலை மலிந்த சமயத்தில் கப்பல் கப்பலாக வாங்கிக் குவித்து, எடுக்க வசதியான ஓரத்திலிருந்து மட்டும் எடுத்து, மறுகோடியில் பழங்கரியை மாதக்கணக்கில் உறங்கவிடுவதுதான் நடைமுறையில் காணப்படும் தவறு.

கரி தரும் முன்னறிவிப்பு தாராளமானது. விடியற்காலையில் குவியலின் ஓரிடத்தில் மட்டும் ஆவி எழும். மழை பெய்து ஓய்ந்தபின் ஓரிடம் மட்டும் விரைவில் காய்ந்து வெளுக்கும். தாரும் மண்ணெண்ணெயும் கலந்தாற்போன்ற ஒரு வாடை வீசும். கப்பலின் சரக்கறையாக இருந்தால் கார்பன் மோனாக்சைடு வாயுவின் அளவு ஏறும். உஷ்ணமானியை உள்ளே செலுத்திப் பார்க்கும் என்ஜினியருக்கு முன்னதாகவே, தினந்தோறும் அக்குவியலைச் சுற்றி நடக்கும் கூலித் தொழிலாளி இவற்றை அறிந்துவிடுகிறான். அவன் சொல்வதைக் கேட்டு அந்த இடத்தைத் தோண்டிப் பரப்பி ஆற்றிவிட்டால் சங்கதி முடிந்தது. மேலே தண்ணீர் தெளித்துவிட்டு நகர்ந்தால் புறத்தோல் நனைவதோடு சரி, உள்ளே இருக்கும் சூடு தண்ணீரின் சங்கதியை அறிவதே இல்லை.

கன்வேயர் பெல்ட்டின் கதை வேறு. பெல்ட்டைத் தாங்கும் உருளைகள் ஆயிரக்கணக்கானவை. அவற்றுள் ஒன்றின் பேரிங் தேய்ந்து சுழலாமல் நின்றுவிட்டால், அதன்மேல் உராய்ந்தபடி பெல்ட் ஓடிக்கொண்டே இருக்கும். உருளை பழுக்கக் காயும். கீழே படிந்த கரித்தூள் கனலும். பெல்ட் ஓடுகிற வரையில் சூடு ஓரிடத்தில் தங்குவதில்லை. ஷிப்டு முடிந்து அதை நிறுத்திய பிறகுதான், காய்ந்த உருளையின்மேல் அசையாது கிடக்கும் ரப்பர் பற்றுகிறது. அந்நேரத்தில் அங்கே ஆளும் இருப்பதில்லை. ஆகவே நிறுத்துவது மட்டும் போதாது, நிறுத்தியபின் அரைமணி நேரமாவது காவலிருப்பதும் வேலையின் ஒரு பகுதி என்று கருதப்பட வேண்டும். தேய்ந்த பேரிங் கிறீச்சிடும். அதுவும் ஓர் அறிவிப்பே. பெல்ட்டின் நெடுகிலும் ஒரு கயிறு கட்டப்பட்டிருக்கும். எந்த இடத்தில் நிற்பவரும் அதை இழுத்துப் பெல்ட்டை நிறுத்திவிடலாம். கயிறு இருக்கிறது, அதை இழுக்கும் துணிவு இருக்கிறதா என்பதே பிரச்சினை. கப்பல் ஒன்று துறையில் அதிகப்படியாக நிற்கும் ஒவ்வொரு மணிக்கும் நஷ்டஈடு கணக்கிடப்படும் இடத்தில், சந்தேகத்தின்பேரில் கயிற்றை இழுத்த ஒப்பந்தத் தொழிலாளி மறுநாள் வேலைக்கு அழைக்கப்படுவானா?

இதே கரையில், இதே கேள்விக்கு நம் முன்னோர் ஒரு விடை கண்டிருந்தார்கள் என்பது கவனிக்கத்தக்கது. 1961-ஆம் ஆண்டோடு ஓய்ந்துபோன முத்துச் சலாபத்தில் அபாயம் தண்ணீரிலிருந்து வந்தது. குளியாளின் உயிர், தோணியில் அவன் கயிற்றைப் பிடித்து நின்ற துணையாளின் கையில் இருந்தது. கீழிருந்து கயிறு அசைந்தால் மேலே இருப்பவன் காரணம் கேட்கமாட்டான், இழுப்பான். எத்தனை சிப்பி கொணர்ந்தாய் என்பது அதற்கு அப்பாற்பட்ட பேச்சு. சுறாக்களின் வாயைக் கட்டுவதாக நம்பப்பட்ட கடல்கட்டி என்பவர் வந்து சேராமல் குளியாட்கள் கடலில் இறங்க மறுத்ததும், அதை உணர்ந்த சர்க்காரும் அவருக்கு ஊதியம் அளித்து அமர்த்தியதும் வரலாறு. மந்திரத்தின் வலிமையைப் பற்றி நான் எதுவும் கூற விரும்பவில்லை. அபாயம் விலகிற்று என்று தங்களுக்குத் திருப்தி ஏற்படாமல் வேலையில் இறங்கமாட்டோம் என்று சொல்லும் உரிமையை அத்தொழிலாளர்கள் பெற்றிருந்தார்கள். கவனிக்க வேண்டியது அதுவே.

மீண்டும் அனல்மின் நிலையத்துக்கு வருவோம். 2025 மார்ச் 15 இரவு தூத்துக்குடி அனல்மின் நிலையத்தில் மின்கேபிள்கள் பற்றி எரிந்து, மூன்று அலகுகளின் உற்பத்தி நின்றது; புகையின் கொடுமையால் தீயணைப்போர் உள்ளே செல்லவே பெரும்பாடுபட்டனர். கேபிள் தீயின் விசேஷம் இது: நூற்றுக்கணக்கான வடங்கள் தட்டுத் தட்டாக ஒரே பாதையில் செல்வதால், ஓரிடத்தில் பிறந்த தீ வடங்களைப் பற்றிக்கொண்டே அறைக்கு அறை பயணம் செய்கிறது; உறையிலுள்ள பிளாஸ்டிக் கருகி விஷப்புகை கக்குகிறது. வடங்கள் சுவரைத் துளைத்துச் செல்லும் இடங்களையெல்லாம் தீத்தாங்கும் சாந்தால் அடைப்பதும், அவற்றின்மேல் கரித்தூள் படியாமல் துடைப்பதும் இதற்குப் பரிகாரம். இந்தப் பாடத்தை உலகம் 1975 மார்ச்சிலேயே கற்றது. அமெரிக்காவின் அலபாமா மாகாணத்தில் பிரௌன்ஸ் ஃபெரி அணுமின் நிலையத்தில், சுவர்த் துளையில் காற்றுக் கசிகிறதா என்று சோதிக்க ஒரு தொழிலாளி மெழுகுவர்த்தியை நீட்டினான். துளையை அடைத்திருந்த நுரைப்பொருள் பற்றி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட கேபிள்கள் எரிந்தன. அணுவைப் பிளக்கத் தெரிந்த இடத்தில் காற்றைச் சோதிக்க மெழுகுவர்த்தியை ஏந்தினார்கள்! இந்த விந்தை நம் ஊர்களுக்கும் அந்நியமானதன்று.

இனிக் கோவில்பட்டிச் சீமைக்குச் செல்வோம். 1920-களின் தொடக்கத்தில் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று கற்றுவந்த தீப்பெட்டித் தொழில், கரிசல் பூமியின் வறட்சியால் தழைத்தது. மழை அருகிய வானிலையில் குச்சிகளும் மருந்தும் எளிதில் காய்ந்தன. விவசாயம் பொய்த்த வீடுகளிலிருந்து கைகள் ஏராளமாகக் கிடைத்தன. எந்த வறட்சி இத்தொழிலை வளர்த்ததோ அதுவே இதன் அபாயமுமாகும். குச்சியின் தலையிலுள்ள பொட்டாசியம் குளோரேட்டும் கந்தகமும் கலந்த மருந்து, ஈரமாக இருக்கும்வரை சாதுவானது. காய்ந்த பிறகு உராய்வையோ அடியையோ பொறுப்பதில்லை. தரையில் சிந்திய மருந்து காய்ந்து, அதன்மேல் ஒரு செருப்புக்கால் தேய்ந்தால் போதும். ஆகவே தீப்பெட்டி ஆபீஸ்களில் தடுப்புமுறை என்பது பிரதானமாகத் துடைப்பமும் தண்ணீருமே: தரையை ஈரமாக வைத்தல், மருந்து கலக்கும் அறையைத் தனியே ஒதுக்குதல், அன்றன்று வேண்டிய அளவே கலத்தல், காய்ந்த குச்சிகளை அடுக்கும் இடத்தில் குவியவிடாமல் அகற்றுதல். இவற்றைச் செய்யத் தெரியாதவர் அங்கே எவரும் இல்லை. ஆனால் குச்சி அடுக்கும் கட்டைக்கு இவ்வளவு, பெட்டிக்கு இவ்வளவு என்று எண்ணிக் கூலி கொடுக்கும் ஏற்பாட்டில், தரையைத் துடைக்கும் நேரத்துக்குக் கூலி இல்லை. கூலி இல்லாத வேலை நாளடைவில் செய்யப்படாத வேலையாகிறது. இத்தொழில்களில் குழந்தைகளை அமர்த்துவதைப் பற்றி உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் அளித்த தீர்ப்பு பெரும் நன்மை செய்தது. துண்டுக்கூலியின் அவசரத்தை மட்டும் அது தொடவில்லை.

பட்டாசில் இந்த அவசரம் எங்கே கொண்டுவிடும் என்பதைச் சிவகாசிக்கு அருகே முதலிப்பட்டியில் 2012 செப்டம்பர் 5 அன்று கண்டோம். தீபாவளிக்குமுன் ஆலைகள் முழுமூச்சாக இயங்கிய நேரம் அது. முதலில் எழுந்த தீ சிறியது. புகையைக் கண்டு உதவிக்கும் வேடிக்கைக்கும் சுற்றுவட்டாரத்து மக்கள் ஓடிவந்தார்கள். அதன்பின் நிகழ்ந்த பெருவெடிப்பில் நாற்பது பேரளவில் இறந்தனர். பம்பாயிலும் கரையில் கூட்டம் கூடி நின்றதை இங்கே ஒப்பிட்டுப் பார்க்கலாம். வெடிபொருள் எரியும் இடத்தில் முதற்கடமை ஓட்டமே என்பதை ஊராருக்கு அமைதிக் காலத்தில் கற்பித்திருக்க வேண்டும். ஆறே நாட்களுக்குப் பிறகு, கராச்சியில் ஓர் ஆயத்த ஆடை ஆலை எரிந்து இருநூற்றைம்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அங்கே ஜன்னல்களுக்குக் கம்பியும் கதவுகளுக்குப் பூட்டும் இருந்தன. 1911-ல் நியூயார்க் நகரத்துச் சட்டை ஆலையில் 146 பேர் மடிந்ததற்கும் பூட்டிய கதவு ஒரு காரணம். சரக்குத் திருட்டுப் போய்விடும் என்பதே பூட்டுக்குச் சொல்லப்பட்ட நியாயம். 2025 வரை அமலில் இருந்த நமது 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 38-ஆம் பிரிவு, தீ நேரும்போது அனைவரும் தப்பிச் செல்ல வழியும், அவ்வழியைப் பற்றிய பயிற்சியும் இருக்க வேண்டும் என்று விதித்தது. பகலில் வரும் இன்ஸ்பெக்டர் திறந்த கதவைப் பார்த்துச் செல்கிறார். இரவு ஷிப்டில் அதே கதவு எப்படி இருக்கிறது என்பது வேறு விஷயம்.

கடலிலும் அறிவிப்புகள் உதாசீனம் செய்யப்படுகின்றன. 2021 மே மாதம் கொழும்புக்கு அருகே எரிந்த எக்ஸ்-பிரஸ் பேர்ல் கப்பலில் ஒரு கன்டெய்னரிலிருந்து நைட்ரிக் அமிலம் கசிவது, தீ மூளுவதற்குப் பல நாட்களுக்கு முன்பே தெரிந்திருந்தது. கத்தார் நாட்டின் ஹமாத் துறைமுகத்திலும் குஜராத்தின் ஹஜீராவிலும் அதை இறக்கிக்கொள்ள இசையவில்லை. வசதி இல்லை என்பது காரணம். இறுதியில் கப்பல் முழுதும் எரிந்து, பிளாஸ்டிக் மணிகள் இலங்கைக் கரையெங்கும் ஒதுங்கின. மன்னார் வளைகுடாவின் மறுகரையில் வசிக்கும் நமக்கு இது அயலூர்ச் செய்தி அன்று. கசியும் பெட்டியை ஏற்க ஒவ்வொரு துறைமுகத்திலும் ஒரு தனி மேடையும் பயிற்சி பெற்ற ஆட்களும் இருக்க வேண்டும் என்பதும், இல்லை என்று கைவிரிப்பது அபாயத்தை அடுத்த ஊருக்கு அனுப்புவதே என்பதும் என் முடிவு. சரக்கை நெடுங்காலம் தேங்கவிடுவதும் இவ்வகைக் குற்றமே. 2020 ஆகஸ்டில் பெய்ரூத் நகரத்தை 2,750 டன் அமோனியம் நைட்ரேட் சிதைத்த பிறகுதான், சென்னை மணலியில் 2015 முதல் முடங்கிக் கிடந்த ஏறத்தாழ 700 டன் அதே பொருள் நினைவுக்கு வந்து, சில நாட்களுக்குள் ஹைதராபாத்துக்கு அனுப்பப்பட்டது. ஐந்து வருஷம் முடியாதது நாட்கணக்கில் முடிந்தது!

சிறு தொழிற்களங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2024 ஜூலையில் தூத்துக்குடிக்கு அருகே புதூர்ப் பாண்டியாபுரத்தில் மீன் பதனிடும் ஆலை ஒன்றில் தீயை அடுத்து அமோனியா கசிந்து, பெண் தொழிலாளர் பலர் மூச்சுத் திணறி மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். குளிர்விக்கும் இடத்தில் தீக்கென்ன வேலை என்று எண்ணுவோருக்கு இது தக்க பதில். விசைப்படகுகளில் டீசலுக்கும் சமையல் அடுப்புக்கும் இடையே உள்ள தூரம் சில அடிகளே. ஓலைக்கூரையைப் பொறுத்தமட்டில், 1979-ல் இந்நகரத்துத் திரைப்படக் கொட்டகை ஒன்று எரிந்து ஏராளமானோர் இறந்தும், 2001-ல் ஏர்வாடியில் சங்கிலியால் பிணைக்கப்பட்ட மனநோயாளிகள் எரிந்தும், 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 குழந்தைகள் கருகியும் நாம் கற்றது, ஒவ்வொரு முறையும் எரிந்த இடத்துக்கு மட்டும் புதிய விதி செய்வதாகவே இருந்தது.

சட்டங்கள் குறைவாக இருப்பதாக நான் கருதவில்லை. வெடிபொருளுக்கு 1884 முதலும், தொழிற்சாலைகளுக்கு 1948 முதலும், துறைமுகத் தொழிலாளருக்கு 1986 முதலும் ஏதேனும் ஒரு வடிவில் சட்டங்கள் இருந்துவருகின்றன. குறைவாக இருப்பது, முதல் வாடையை முகர்ந்தவனுக்குச் சட்டமும் நிர்வாகமும் அளிக்கும் பாதுகாப்பு. வருகிற தீத்தொண்டு வாரத்தில் தொழிற்கள அதிபர்கள் வழக்கம்போல் ஒத்திகைகளை நடத்தட்டும். அத்துடன், சூட்டையோ கசிவையோ வாடையையோ கண்டு வேலையை நிறுத்தும் எந்தத் தொழிலாளியிடமும், ஒப்பந்தக்காரரின் ஆளாயினும் சரி, அவருடைய சந்தேகம் பொய்யாகிப்போனாலும் சரி, விளக்கம் கேட்டு மெமோ அனுப்பப்படமாட்டாது என்றும், நிறுத்திய நேரத்துக்குக் கூலி பிடிக்கப்படமாட்டாது என்றும் கையெழுத்திட்டு, வெளிமாநிலத் தொழிலாளரும் படிக்கும்படி தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும் ஆலை வாயிலில் எழுதி வைக்கட்டும்.